லாரி முகம் பார்த்த காலம்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள் தீக்குச்சி, டயர், மோட்டார் சைக்கிள், லாரி நான்கும் தயாராகிக்கொண்டிருந்தன. விம்கோ நகரில் தீப்பெட்டி, நெடுஞ்சாலையில் எம்.ஆர்.எஃப். டயர், இன்னொரு பக்கம் என்ஃபீல்டு புல்லட், வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்டு. மேற்கே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருந்தன. தெற்கே ராயபுரத்தைத் தாண்டினால் துறைமுகம். இத்தனை இடத்துக்கும் சரக்கு போய்வர வேண்டும். அதனால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு லாரி பார்ப்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய பொழுதுபோக்காக இல்லை. வாசலில் நின்றால் போதும், வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் சும்மா பார்ப்பது வேறு, முகம் தெரிந்து பார்ப்பது வேறு. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எங்கள் கூட்டத்துக்கு ஒரு பந்தயம் உண்டு. தேரடிப் பக்கம் வளைவில் லாரி திரும்பும்போதே, முன்னால் எழுதியிருக்கும் பெயரைப் படிக்காமல், முகத்தை மட்டும் வைத்து என்ன வண்டி என்று சொல்ல வேண்டும். முதலில் சொன்னவனுக்கு மதிப்பு. ராத்திரியில் சத்தத்தை வைத்தே சொல்கிறவனுக்கு இன்னும் மதிப்பு.

அன்றைக்கு ரோட்டில் பெரும்பாலும் இரண்டே முகங்கள்தான். ஒன்று லேலண்டு. மற்றது டாடா. டாடா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியது. ஒப்பந்தம் 1969இல் முடிந்து, வண்டியின் நெற்றியிலிருந்து மூன்று முனை நட்சத்திரம் போய்விட்டது. அதற்குப் பல வருடம் கழித்தும் எங்கள் பக்கத்து டிரைவர்கள் அதை 'டாடா பென்ஸ்' என்றுதான் சொன்னார்கள். எப்போதாவது ஒரு பழைய வண்டி அந்த நட்சத்திரத்தோடே வரும். அன்று பூராவும் எங்களுக்கு அதே பேச்சு.

மூன்றாவது வகை அபூர்வம். அவற்றை நாங்கள் மூக்கு வண்டி என்போம். டிரைவர் உட்காரும் இடத்துக்கு முன்னால் எஞ்சின் தனியாக ஒரு பானெட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பம்பாயில் பிரீமியர் கம்பெனி கட்டிய டாட்ஜ், அதே வண்டிக்கு வேறு பெயர்த் தகடு அடித்த ஃபார்கோ, கல்கத்தாப் பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய பெட்ஃபோர்டு ஜே6. இவை தூர ஓட்டத்திலிருந்து ஓய்ந்து ராயபுரத்துக்கு வந்து சேர்ந்தவை. கல்மண்டபம் பக்கத்து விறகுத் தொட்டிகளுக்கும் காசிமேட்டு ஐஸ் கம்பெனிகளுக்கும் உப்பு மூட்டைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. பெயின்ட் உரிந்து, ஒரு விளக்கு இல்லாமல், கதவைக் கயிறு போட்டுக் கட்டியபடி வரும். அந்த மூக்கைத் தூரத்தில் பார்த்ததுமே நாங்கள் சைக்கிளைத் திருப்பிவிடுவோம்.

எங்கள் ஊரின் சொந்த லாரிக்கும் ஒரு வெளிநாட்டுப் பூர்வீகம் இருந்தது. ரகுநந்தன் சரண் 1948இல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். அப்போது எண்ணூரில் பூட்டிக் கொடுத்தது லாரியை இல்லை, ஆஸ்டின் ஏ40 என்ற ஆங்கிலேயக் காரை. லங்காஷயரின் லேலண்டு கம்பெனியோடு 1950இல் ஒப்பந்தமாகி, காமெட் லாரி இங்கே வந்தது. 1955இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்டு ஆனது. பீவர், ஹிப்போ, டைட்டன் என்று பிரிட்டனில் வைத்த பெயர்கள் எண்ணூரில் சாதாரணமாகப் புழங்கின. 1947இல் பிரிட்டனில் வந்த முதல் காமெட்டுக்கு மூக்கு இருந்தது. நான் பார்த்த காமெட்டுக்கு மூக்கு இல்லை. எஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ரோட்டில் நீளம் மிச்சம், சரக்குக்கு இடம் அதிகம். முகம் சுவர் போலத் தட்டை.

முகம் என்று நான் சொல்வதில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். அந்த நாளில் லாரிக் கம்பெனி முழு லாரியை விற்கவில்லை. சேசிஸை விற்றது. சட்டம், சக்கரம், எஞ்சின், ரேடியேட்டர், அதன் முன்னால் ஒரு தகரமுகம், ஸ்டியரிங். அவ்வளவுதான். கேபினும் பின்பக்கப் பாடியும் வாங்குகிறவர் தம் செலவில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்போது இந்தியாவில் லாரிக் கம்பெனிகளில் பெரும்பாலும் இதுதான் முறை. ஆகவே, எண்ணூரிலிருந்து வெளியே வரும் வண்டிக்குக் கூரை இருக்காது, கதவு இருக்காது, முன்கண்ணாடி இருக்காது, சீட்டும் இருக்காது.

அந்தச் சேசிஸ் வண்டிகள் வரிசையாக எண்ணூர்ச் சாலையில் வருவதைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. மரப்பெட்டி ஒன்றைச் சட்டத்தின் மேல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அதன் மேல் மடித்த கோணி. அதில் டிரைவர். தலையைச் சுற்றி, காதையும் மறைத்து, மோவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்ட துண்டு. கண்ணுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி, வெல்டிங் பட்டறையில் போடுவது மாதிரி இரு பக்கமும் அடைத்தது. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. படுக்கைச் சுருளும் தண்ணீர்க் கேனும் பின்னால் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும். எஞ்சினின் சூடு நேரே முழங்காலில் அடிக்கும், எதிர்க்காற்று நேரே முகத்தில் அடிக்கும். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியை முழுக்கப் பின்னால் வருகிறவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போகமாட்டார்கள், இடைவெளி விட்டுச் சற்றுக் கோணலாகவே போவார்கள்.

எங்கள் தெருக் கோடியில் ஒருவர் இந்த வேலை பார்த்தார். நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். வண்டியை வடக்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, ரயிலில் திரும்பி வருவார். வந்த மறுநாள் அவர் முகத்தைப் பார்த்தால் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகவும் மற்ற இடம் கறுத்தும் இருக்கும். மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"மழையில ஓரங்கட்டி எங்கப்பா ஒதுங்கறது? வண்டிக்குக் கீழதான். ஆனா காட்டுல, மரம் இருக்கிற எடத்துல நிக்கமாட்டேன். இடி விழும்."

"லாரிக்குள்ள உக்காந்து ஓட்டறவங்களப் பாத்தா ஆசையா இருக்காதா மாமா?"

"அவனுக்கு ஆயிரம் டன் தொல்ல. லோடு, செக்போஸ்டு, போலீஸ். எனக்கு ரோடு மட்டும்தான்."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எந்த லாரியைப் பார்த்தாலும் என் கண் முதலில் போகிற இடம் மாறிவிட்டது. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிவிட்டு, உடனே டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்ப்பேன். எதில் உட்கார்ந்திருக்கிறார், எங்கே படுப்பார், சூடு எங்கே அடிக்கிறது. வெளிநாட்டு லாரி என்றால் எனக்கு இன்றைக்கும் ஆர்வம் பொங்குவதற்கு அதுவே காரணம். எத்தனை குதிரைசக்தி, எத்தனை கியர் என்பதெல்லாம் பிறகு. ஓட்டுகிறவனுக்கு என்ன இடம் ஒதுக்கினார்கள் என்பதை அந்த முகத்துக்குப் பின்னால் பார்க்கலாம்.

நம் ஊர்க் கேபின்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் கட்டிய மரக் கேபின் ஒரு கைவேலை. கூரைக்கு மேலே லக்கேஜ் கம்பி, உள்ளே வண்ணக் கண்ணாடி, சாமி படத்துக்கு ஒரு மாடம், பின்னால் குறுக்காக ஒரு படுக்கைப் பலகை. ஆசாரிகள் அளவு நாடா இல்லாமலே டிரைவரின் உயரத்துக்கு ஏற்ப சீட்டு போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எஞ்சின் பெட்டி உள்ளேதான் இருக்கும். அதன் மேல் கோணியும் பழைய மெத்தையும் போட்டு மூடி, கிளீனர் அதிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து வருவார். ரிப்பேர் என்றால் அந்த மூடியைத் திறந்து, கேபினுக்குள் குனிந்துதான் வேலை செய்ய வேண்டும்.

இனி ராணுவ வண்டிகள். ஆவடிக்குப் போகும் வழியில் எங்கள் பெரியம்மா வீடு. அங்கே போகும்போதெல்லாம் சக்திமான் வரிசையைப் பார்க்கலாம். ஜெர்மனியின் எம்.ஏ.என். வடிவமைப்பில் ஜபல்பூரில் கட்டிய பச்சை மூக்கு வண்டி. எண்பதுகளின் இறுதியிலிருந்து அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதலில் பார்த்தபோது டிரைவர் தப்பான பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்றே தோன்றியது. செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா. 1986 ஒப்பந்தத்தின்படி பி.இ.எம்.எல். நிறுவனம் இங்கே கொண்டுவந்தது. ஸ்டியரிங் இடப்பக்கமே இருந்தது. குடியரசு தின அணிவகுப்பில் பிருத்வி ஏவுகணையைச் சுமந்துகொண்டு வரும் எட்டுச் சக்கர வண்டி இதுதான். தண்ணீர் ஊற்றாத, காற்றால் குளிரும் எஞ்சின். மற்ற லாரிகளுக்கு இரண்டு நீளச் சட்டங்கள் இருக்கிற இடத்தில் இதற்கு நடுவில் ஒரே ஒரு தடித்த குழாய். அதிலிருந்து சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். சுமை இல்லாதபோது சக்கரங்களின் கீழ்ப்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்து நிற்பது தெரியும். ரோட்டோரம் நின்று அந்தச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்த என்னைக் காவலுக்கு நின்ற ஜவான் விரட்டினார். பத்தடி தள்ளி நின்று மறுபடி பார்த்தேன்.

எண்பதுகளின் நடுவில் நான்கு ஜப்பான் முகங்கள் ஒரேயடியாக வந்தன. ஆல்வின் நிஸான், டி.சி.எம். டொயோட்டா, சுவராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி. எல்லாம் சிறு வண்டிகள், எல்லாம் தட்டை முகம், எல்லாவற்றுக்கும் கம்பெனியே போட்டுக் கொடுத்த இரும்புக் கேபின். பால், பிஸ்கட், மருந்து ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் ஓடின. அவற்றில் இரண்டு பெயர்கள் சீக்கிரமே மறைந்தன. இன்று யாராவது ஆல்வின் நிஸான் என்று சொன்னால் என் வயதுக்காரர்கள் மட்டும் தலையாட்டுவார்கள்.

துறைமுகத்தில் அதற்குள் பெரிய மாற்றம் தொடங்கியிருந்தது. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையத்தைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்துவைத்தார். அதுவரை மூட்டையும் பேலும் மரப்பெட்டியுமாக வெளியே வந்த சரக்கு, இருபதடி, நாற்பதடி இரும்புப் பெட்டிகளில் வரத் தொடங்கியது. டிரெய்லர்கள் பெருகின. கன்டெய்னர்களைப் பிரிக்கிற கிடங்குகள் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் முளைத்தன. எங்கள் சாலைகளின் முகமே மாறியது அந்த ஆண்டுகளில்தான்.

என் வாழ்க்கையில் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைப்பது தொண்ணூறுகளில் நடந்தது. மணலிப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு புது லேலண்டு நின்றது. கேபின் முழுவதும் முன்னால் சாய்ந்து, கண்ணாடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எஞ்சின் முழுக்க வெளியே. மெக்கானிக் நிமிர்ந்து நின்றுகொண்டு, நாலு பக்கமும் சுற்றி வந்து வேலை செய்துகொண்டிருந்தார். வேலை முடிந்ததும் கேபினைப் பின்னால் தள்ளி உட்காரவைத்துக் கொக்கியை மாட்டினார். கதவைப் பார்த்தேன். பெரிய கண்ணாடிக்குக் கீழே, காலடிக்குப் பக்கத்தில், இன்னொரு சிறு கண்ணாடி. பக்கத்தில் சைக்கிள்காரன் வந்தால் டிரைவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. யாரோ ஒருவர் இந்த லாரியை வரையும்போது சைக்கிள்காரனைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பது என்னை அசைத்துவிட்டது.

அந்த வண்டி கார்கோ. அதன் கதை பல நாடுகளைச் சுற்றியது. ஃபோர்டு கம்பெனி பிரிட்டனில் 1981இல் வெளியிட்ட லாரி அது. 1982ஆம் ஆண்டுக்கான சர்வதேச லாரி விருதையும் பெற்றது. 1986இல் ஃபோர்டின் பிரிட்டிஷ் லாரித் தொழில் இத்தாலியின் இவெக்கோவோடு இணைந்தது. 1987இல் இவெக்கோவும் இந்துஜா குழுமமும் சேர்ந்து அசோக் லேலண்டில் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த பங்கை வாங்கின. அந்த வழியில் கார்கோவின் கேபின் ஓசூருக்கு வந்து, அங்கிருந்து எங்கள் ரோட்டுக்கு வந்தது. அதே முகம் துருக்கியிலும் பிரேசிலிலும் ஓடியது.

அமெரிக்காவிலும்தான். அதை எனக்குச் சொன்னவன் என் சித்தப்பா மகன். நியூ ஜெர்சிக்கு வேலைக்குப் போனவன். எங்கள் பந்தயக் கூட்டத்தில் சத்தத்தை வைத்தே வண்டியின் பெயர் சொல்கிற ஆள் அவன். அங்கே போன புதிதில் போனில் ஒரே புலம்பல்.

"அண்ணா, இங்க எல்லாமே மூக்கு வண்டி. நம்ம ஊரு மாதிரி தட்ட மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. பாக்கவே வேற ஒலகமா இருக்கு."

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் பல மாநிலங்கள் முன்பு லாரியின் மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. மூக்கைக் குறைத்தால் சரக்குக்கு நீளம் கிடைக்கும். அதனால் அங்கேயும் தட்டை முகங்கள் ஏராளமாக ஓடின. 1982இல் வந்த மத்தியச் சட்டம் அந்த வரம்பை நீக்கி, பெரிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் எடுத்தது. இழுக்கும் வண்டி எவ்வளவு நீளமானாலும் கவலை இல்லை என்றானதும் மூக்கு திரும்பி வந்தது. தட்டை முகப் பெரிய லாரிகளில் கடைசியாக நின்ற ஃப்ரைட்லைனர் ஆர்கோஸி, 2006இல் அங்கே விற்பனையை நிறுத்தியது. ஐரோப்பாவும் இந்தியாவும் மொத்த நீளத்துக்கே வரம்பு வைத்தன, அதனால் இங்கே தட்டை முகம் தங்கியது. அமெரிக்காவில் இப்போது அந்த முகத்தைத் தேடி நெடுஞ்சாலையில் காமிராவோடு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ராயபுரத்தில் மூக்கைத் தேடி அலைந்தேன். சட்டத்தில் ஒரு வரி இப்படி இருந்தால் இந்த முகம், அப்படி இருந்தால் அந்த முகம்.

ஒருநாள் அவன் ஒரு படம் அனுப்பினான். எடிசன் ஊரில் தெருக் கூட்டும் இயந்திரம் ஒன்று. முன்னால் பெயர் ஸ்டெர்லிங் என்றிருந்தது. ஆனால் கதவில் அந்தச் சிறு கண்ணாடி இருந்தது. கார்கோ! பிரேசிலில் கட்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஃபோர்டு கார்கோ, 1997இல் ஃபோர்டு தன் கனரக லாரித் தொழிலை ஃப்ரைட்லைனருக்கு விற்றபோது கை மாறி, பெயர் மாறி, நடைபாதை ஓரம் பார்த்து ஓட்ட வசதி என்பதால் தெருக் கூட்டும் வேலைக்கு வந்திருந்தது. மணலிப் பட்டறையில் நான் பார்த்த கேபினும் அதுவும் ஒரே வரைபடம். நாங்கள் இருவரும் அன்றிரவு போனில் வெகு நேரம் பேசினோம். லாரியைப் பற்றித் தொடங்கி, தேரடி வளைவு, செத்துப்போன மாமா என்று எங்கெங்கோ போனது பேச்சு.

வோல்வோ வந்தது 1998இல். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொஸ்கோட்டையில் ஆலை போட்டு எஃப்.எச்.12 வண்டியைப் பூட்டினார்கள். துறைமுகத்துக்கு வந்த முதல் வண்டிகளைப் பார்க்க டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் அதன் உள்ளே ஏறியது பத்து வருடம் கழித்து. வல்லூர் அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த சமயம். பெரிய இயந்திரங்களை ராத்திரி நேரத்தில் எங்கள் பக்கம் கொண்டுபோவார்கள். முன்னால் ஒரு வோல்வோ இழுக்கும், பின்னால் ஒரு வோல்வோ தள்ளும். நடுவில் வரிசை வரிசையாக அச்சுகள், ஒவ்வொரு அச்சும் தனித்தனியாகத் திரும்பும். மூங்கில் கழி பிடித்த ஆட்கள் முன்னால் நடந்து, தாழ்ந்த கம்பிகளைத் தூக்கிக் கொடுப்பார்கள். நடந்து போகிறவன் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவான ஓட்டம்.

ஒரு திருப்பத்தில் மின்சார வாரிய ஆட்கள் வரும்வரை எல்லாம் நின்றன. முன்வண்டி டிரைவர் பஞ்சாப்காரர். நான் கேபினையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, கையை ஆட்டி ஏறச் சொன்னார். நான்கு படி. சீட்டில் உட்கார்ந்ததும் அது புஸ்ஸென்று காற்றை விட்டுக் கொஞ்சம் இறங்கி, என் எடையை அறிந்துகொண்டது போல நின்றது. கதவைச் சாத்தினேன். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பாதிச் சத்தம்கூட இல்லை. பின்னால் நீட்டிப் படுக்கிற அகலத்தில் மெத்தை, அதன் மேல் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட போர்வை. குளிர்ந்த காற்று. எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கால் தேடிப் பார்த்தது, சூட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மரப்பெட்டியில் கோணி போட்டு உட்கார்ந்து வடக்கே போன மாமாவை இதில் ஒருநாள் உட்காரவைத்துப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று தொண்டையை அடைத்தது. டிரைவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிறகு ஸ்கேனியா வந்தது, எம்.ஏ.என். வந்தது. ரஷ்யாவின் காமாஸ் ஓசூர் வழியாக வந்தது. 2012இல் ஒரகடத்தில் டைம்லர் ஆலை திறந்து, பாரத்பென்ஸ் என்ற பெயரில் பென்ஸ் லாரி மறுபடி நம் ரோட்டுக்கு வந்தது. நட்சத்திரம் மட்டும் இல்லை. வெள்ளிவாயல்சாவடியில் அசோக் லேலண்டின் தொழில்நுட்ப மையம் இருப்பதால், சிவப்பு நம்பர் பலகையோடு, முகத்தைக் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்த சோதனை வண்டிகள் எங்கள் பக்கம் ஓடும். 2006இல் அவர்கள் செக் நாட்டின் அவியா லாரித் தொழிலை வாங்கியபோது, அந்த முகம் ஒருநாள் மணலிச் சாலையில் வரும் என்று ரொம்ப காலம் காத்திருந்தேன். என் கண்ணில் படவில்லை.

வெளிநாட்டு முகம் வருவது ஒரு பக்கம், இங்கே கட்டிய முகம் வெளிநாடு போவது இன்னொரு பக்கம். ஒரகடத்தில் கட்டிய ஃபூஸோ லாரிகள் 2013 முதல் கப்பலேறுகின்றன. துறைமுகச் சாலையில் இடப்பக்க ஸ்டியரிங்கோடு ஒரு புது வண்டி வந்தால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு சொன்னாலும், வடசென்னையில் லாரி பார்க்க நல்ல இடம் எது என்று கேட்டால் நான் காட்டுவது ஜீரோ கேட் வரிசையைத்தான். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் டிரெய்லர்கள். நிலைமை மோசமான நாட்களில் வரிசை எண்ணூர் விரைவுச்சாலை வரை நீண்டு நின்றதை இந்தப் பக்கத்து மக்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறார்கள். கிடங்கிலிருந்து துறைமுகம் வரை ஓட்டம் கொஞ்சம், காத்திருப்பு அதிகம். அதற்குப் புது வண்டியைப் போட்டால் முதலாளிக்குக் கட்டாது. நாடு முழுக்க ஓடித் தேய்ந்த வண்டிகளைத்தான் இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அதனால் வேறெங்கும் கண்ணில் படாத டஸ்கர், டாரஸ் லேலண்டுகளும் பழைய தகரமுக லேலண்டுகளும் இங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் மரக் கேபின்கள் சாய்ந்து, பலமுறை ஒட்டுப்போட்டு நிற்கின்றன. டிரைவர்கள் டிரெய்லருக்கு அடியில் தார்ப்பாயைத் தூளி கட்டிப் படுக்கிறார்கள், சக்கரத்தின் மறைவில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கிறார்கள். குளிக்க இடம் இல்லை, கழிப்பறை இல்லை. மே மாத மத்தியானத்தில் அந்தக் கேபினுக்குள் கையை விட்டுப் பார்த்தால் இரும்பு சுடும். 2025இலிருந்து புது நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல காரியம், எவ்வளவோ முன்னால் வந்திருக்க வேண்டியது. ஆனால் அந்தப் புது வண்டிகள் தேய்ந்து இந்த வரிசைக்கு வந்துசேர இன்னும் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அதுவரை இங்கே நிற்கிறவர்களுக்கு நிழலும் தண்ணீரும் ஏற்பாடு செய்ய எந்தச் சட்டமும் தேவையில்லை. இடம் ஒதுக்கினால் போதும்.

போன வருடம் அந்த வரிசைக்குப் பக்கத்தில் ஒரு கார்கோ நின்றது. கதவின் சிறு கண்ணாடி உடைந்து, அந்த இடத்தில் தகரம் அடித்திருந்தது. படம் எடுக்கலாமா என்று டிரைவரிடம் கேட்டேன். இளைஞர், தூத்துக்குடிப் பக்கம்.

"எடுங்க சார். இன்னும் கொஞ்ச நாள்தான், எஃப்.சி. கெடைக்காது, எடைக்குப் போயிரும்" என்றார். பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கை 2021இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து இந்தப் பேச்சு வரிசை முழுக்க இருக்கிறது. நான் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "பழைய வண்டின்னா காசிமேட்டுக்குப் போங்க சார். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால ஒரு பெட்ஃபோர்டு நிக்குது. இன்னும் ஓடுதுன்னு சொல்றாங்க."

அன்று சாயங்காலமே போனேன். நின்றது. நீல மூக்கு, ஒரு பக்கத்து மட்கார்டு புதிதாக அடித்தது. பானெட்டைத் திறந்து காட்டினார் உரிமையாளர். உள்ளே இருந்தது செம்பியத்துச் சிம்சன் டீசல் எஞ்சின், அவர் அப்பா காலத்தில் மாற்றியதாம். விற்பீர்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் வண்டியைத் துடைக்கிற விதத்திலேயே பதில் இருந்தது.

"ஞாயித்துக்கெழம விடியக்காலைல வாண்ணா. ஐஸ் ஏத்திக்கினு ஹார்பருக்குப் போவேன். பக்கத்துல குந்திக்கினு வா" என்றார்.

போனேன். முதல் கியரில் வண்டி ஒருமுறை குலுங்கிக் கிளம்பியது. ஐஸ் கட்டிகளிலிருந்து தண்ணீர் பின்னால் சொட்டிக்கொண்டே வந்தது. எஞ்சின் சத்தம் முழுக்க மூக்குக்குள்ளேயே இருந்தது. மீன்பிடித் துறைமுக வாசல் வரை காலில் சூடே படவில்லை.